பிறர் திண்ணையில் கடை விரிக்கலாமா?

இணையம்: வாசகர் கேள்வி–பதில்

சொந்தமாக இணையதளம் நடத்தும் வாசகர்கள் அதை மற்றவர்களுக்கு எப்படித் தெரியப்படுத்துகிறார்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முறையீடுகளாகவே இருந்தன: குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள், பதிவை அழித்துவிட்டார்கள், ‘ஸ்பேம்’ (கேளாமல் வந்து குவியும் விளம்பரக் குப்பை) என்று எல்லார் முன்னிலும் எழுதிவிட்டார்கள். அவற்றுள் ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நானும் ஒரு தமிழ்க் குழுவுக்குச் சில ஆண்டுகள் நிர்வாகியாக இருந்து, இத்தகைய பதிவுகளை நூற்றுக்கணக்கில் நீக்கியவன். ஆகவே என் பதில்களில் நிர்வாகிகள் பக்கம் சற்றுச் சாய்வு தென்பட்டால் அதற்குக் காரணம் இதுதான் என்று கொள்ளவும்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பதினோரு ஆண்டுகளாக மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். மகன் அமைத்துக் கொடுத்த இணையதளத்தில் நாற்பது கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். நாட்டு விதைகளும் சிறிய அளவில் விற்கிறேன். ஒரே வாரத்தில் முகநூலில் மூன்று தோட்டக் குழுக்களில் சேர்ந்து, தளத்தின் இணைப்பைப் பகிர்ந்தேன். சிலர் கேட்டிருந்த ஐயங்களுக்கும் அதையே பதிலாகக் கொடுத்தேன். இரண்டு குழுக்களில் காரணம் சொல்லாமல் நீக்கிவிட்டார்கள். மூன்றாவதில் ஒருவர் ‘ஸ்பேம்’ என்று எழுதினார். நான் யாரையும் ஏமாற்றவில்லை. பயனுள்ள செய்தியைத்தானே சொன்னேன்?
*வாசகி, திருச்சி*

பயனுள்ள செய்திதான், அம்மா. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உங்களை நீக்கிய நிர்வாகி உங்கள் கட்டுரையைப் படித்திருக்கமாட்டார் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். அவர் அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் இடையே, பேருந்தில் நின்றுகொண்டு, கைப்பேசியில் குழுவைப் பார்த்துக்கொள்பவர். அவர் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: இந்த வாரம் சேர்ந்த ஒரு கணக்கு, அதன் முதல் பதிவிலேயே ஓர் இணைப்பு, குழுவில் வேறு எவரோடும் ஒரு பேச்சும் இல்லை, அதே பதிவு அதே சொற்களில் பக்கத்துக் குழுவிலும் இருக்கிறது. கடன் தருகிறேன் என்பவரும், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்பவரும் அப்படியே வருகிறார்கள். வாசலில் நிற்பவர் யாரென்று தெரியாதபோது, அவர் கையில் இருப்பது பிரசாதமா பிட் நோட்டீஸா என்று யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை. சில குழுக்களில் மனிதர் பார்ப்பதுகூட இல்லை; புதிதாகச் சேர்ந்தவர் இணைப்போடு எழுதினால் தானாகவே மறுத்துவிடும்படி அமைத்துவைக்கும் வசதியை முகநூல் நிர்வாகிகளுக்குத் தந்திருக்கிறது.

இனி உங்கள் கடிதத்தில் நீங்களே குறிப்பிட்டிருக்கும் ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். குழுவில் ஒருவர், “கத்தரிச் செடியின் குருத்தில் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது, எறும்பும் ஏறுகிறது, என்ன செய்வது?” என்று கேட்டிருக்கிறார். நீங்கள், “இதற்கான தீர்வு என் இணையதளத்தில் உள்ளது, பார்க்கவும்” என்று எழுதி, இணைப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். வகுப்பில் எழுந்து ஐயம் கேட்ட மாணவனிடம், “விடை என் வீட்டு அலமாரியில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்” என்று நீங்கள் ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டீர்கள். அங்கே என்ன செய்திருப்பீர்களோ அதையே இங்கும் செய்திருக்கலாம். இப்படி:

“அது மாவுப்பூச்சி. எறும்பு ஏறுவதே அடையாளம். பூச்சியின் உடலிலிருந்து வரும் இனிப்பான கழிவுக்காக எறும்பு வருகிறது, அதற்குக் காவலும் இருக்கிறது. மிகுதியாக ஒட்டியிருக்கும் நுனிகளைக் கிள்ளி, ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மிச்சத்தைத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைவதற்குச் சிறிது காதி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறமும் நனையும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை வீதம் மூன்று வாரம் தெளித்தால் கட்டுப்படும். என் செடியில் இது வந்தபோது வாரவாரம் எடுத்த படங்கள் என் தளத்தில் இருக்கின்றன. பார்க்க வேண்டுமானால் சொல்லுங்கள், இணைப்பைத் தருகிறேன்.”

இந்தப் பதிலில் இணைப்பே இல்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டவருக்கு வேண்டியது அந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது. தளம் ஒன்று இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. அது உங்களுடையது என்பதையும் மறைக்கவில்லை. பெரும்பாலும் யாராவது ஒருவர் “இணைப்பைக் கொடுங்கள் அம்மா” என்று கேட்பார். கேட்டபிறகு கொடுத்தால் அது விளம்பரம் ஆகாது. யாரும் கேட்கவில்லையென்றாலும் நட்டமில்லை, ஏனென்றால் அடுத்த மழைக்காலத்தில் வேறொருவர் அதே குழுவில் ‘மாவுப்பூச்சி’ என்று தேடும்போது உங்கள் பெயரோடு அந்தப் பதில் வந்து நிற்கும். பெயரைத் தொட்டால் உங்கள் முகப்புப் பக்கமும், அதில் தளத்தின் முகவரியும் இருக்கும்.

எல்லாவற்றையும் குழுவிலேயே சொல்லிவிட்டால் தளத்துக்கு யார் வருவார்கள் என்று தோன்றும். இந்தக் கவலையை நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். என் அனுபவத்தில் அது வீண் கவலை. கத்தரிச் செடியைக் காப்பாற்றிக் கொடுத்தவரிடம்தான் மக்கள் அடுத்த பட்டத்துக்கு விதை கேட்கிறார்கள். பாதியைச் சொல்லி மீதியைத் தளத்தில் வைத்துக்கொண்டு இழுப்பவரை, தொடர்கதையின் கடைசியில் போடும் ‘தொடரும்’ போலப் பொறுத்துக்கொள்ள இங்கே யாருக்கும் பொறுமையில்லை.

2005ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய ரெடிட் என்னும் பெரிய உரையாடல் தளத்தில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு: ஒருவர் எழுதுவதில் பத்தில் ஒன்றுக்கு மேல் தம் சொந்தச் சரக்கைப் பற்றியதாக இருக்கக்கூடாது. இணையதளம் வைத்திருக்கும் உறுப்பினராக இருங்கள், உறுப்பினர் கணக்கு வைத்திருக்கும் இணையதளமாக இருக்காதீர்கள் என்பது அங்கே புதியவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வாக்கியம்தான். முதலாவதைக் கணக்காக எடுத்துக்கொள்பவர்கள் ஒன்பது இடங்களில் “அருமை”, “நன்று” என்று எழுதிவிட்டுப் பத்தாவதில் கடையைத் திறந்துவிடுகிறார்கள். நம்மவர்களுக்கு இது புதிதல்ல. 2004இல், வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் தொகுத்துக் காட்டும் தமிழ்மணம் திரட்டி வந்தபின், மறுமொழி விழுந்த வலைப்பதிவுகள் முகப்பில் மேலே தெரியும் என்பதற்காக, “நல்ல பதிவு, நம்ம பக்கமும் வாங்க” என்று வீடு வீடாக எழுதிவைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். அதற்கு அப்போதே ‘மொய்’ என்று பெயர் வைத்து நாம் சிரித்தோம். மொய்ப்பணம் திரும்பி வரும்; படிக்கிறவர் வரமாட்டார்.

நீங்கள் செய்யக்கூடியது இது. மூன்று குழு வேண்டாம். உங்களை நீக்காத அந்த ஒன்று போதும். ‘ஸ்பேம்’ என்று எழுதியவருக்கு விளக்கம் சொல்லி வாதாடாமல், “விதிகளைப் படிக்காமல் பகிர்ந்துவிட்டேன், பதிவை நீக்கிவிடுகிறேன்” என்று ஒரு வரி எழுதிவிட்டு நீக்கிவிடுங்கள். அதன்பின் ஒரு மாதம் இணைப்பில்லாமல் ஐயங்களுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். விதை விற்பதைப் பற்றிச் சொல்ல விரும்பினால் முதலில் நிர்வாகிக்குத் தனியாக எழுதி, “நான் விதை விற்பவள், குழுவில் அதைச் சொல்ல இடமுண்டா, உண்டென்றால் எந்த முறையில்?” என்று கேளுங்கள். நான் நிர்வாகியாக இருந்த காலத்தில் அப்படி முன்கூட்டிக் கேட்டவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவருக்குக்கூட நான் மறுத்ததாக நினைவில்லை.

‘ஸ்பேம்’ என்ற சொல் எப்படி வந்தது?
*மாணவர், மதுரை*

1937இல் ஹார்மல் என்னும் அமெரிக்க நிறுவனம் தகரக் குப்பியில் அடைத்து விற்கத் தொடங்கிய பன்றி இறைச்சியின் வணிகப் பெயர் அது. 1970இல் மான்டி பைத்தான் என்னும் பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு, உணவகம் ஒன்றில் எந்தப் பண்டத்தைக் கேட்டாலும் ஸ்பேமும் சேர்ந்தே வருவதாகவும், பக்கத்து மேசைக்காரர்கள் அந்தப் பெயரையே பாடிப் பாடி மற்ற பேச்சை அமுக்கிவிடுவதாகவும் ஒரு காட்சி நடித்தது. ஒரே சொல் ஓயாமல் வந்து பிறரைப் பேசவிடாமல் செய்வதற்கு அது பெயராகிவிட்டது.

மின்னஞ்சலில் இந்த வேலையைத் தொடங்கிவைத்தவர் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்னும் கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்தவர். 1978 மே மாதம், இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்கு, புதிய கணினியைக் காட்டும் நிகழ்ச்சிக்கு வாருங்கள் என்று ஒரே மடலை அனுப்பினார். அடுத்த பெரிய நிகழ்ச்சி 1994 ஏப்ரலில் நடந்தது. திருச்சி வாசகியின் கேள்விக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்ற வழக்கறிஞர் தம்பதி, அமெரிக்க வெளியுறவுத் துறையின் ‘கிரீன் கார்டு’ குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுகிறோம் என்ற விளம்பரத்தை யூஸ்நெட் என்னும் உரையாடல் வலையில் ஆயிரக்கணக்கான குழுக்களில் போட்டார்கள். குலுக்கல் பொய்யல்ல, அதைப் பற்றி அறிய விரும்பியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு மடலைப் பல குழுக்களுக்குப் பொதுவாக இட்டால், அதை ஒருமுறை படித்தவருக்கு அது மறுபடி காட்டப்படாத வசதி யூஸ்நெட்டில் இருந்தது. அவர்கள் அதைப் பயன்படுத்தாமல் ஒவ்வொரு குழுவிலும் தனித்தனியே ஒட்டிவிட்டுப் போனார்கள். பாம்பு வளர்ப்போர் குழுவுக்குப் போனாலும் கணிதக் குழுவுக்குப் போனாலும் அதே அறிவிப்பு எதிரே நின்றது. கோபத்தோடு வந்து குவிந்த பதில்களைத் தாங்கமாட்டாமல், அவர்களுக்கு இணைப்பு வழங்கிய நிறுவனத்தின் கணினிகள் திரும்பத் திரும்ப முடங்கின. நிறுவனம் அவர்கள் கணக்கையே மூடிவிட்டது.

‘செய்தி உண்மைதானே’ என்பது அன்றைக்கும் எடுபடவில்லை.

செக்கு எண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் விற்கும் இணையதளம் வைத்திருக்கிறேன். இரண்டு மூன்று வேறு பெயர்களில் கணக்குத் தொடங்கி, சமையல் குழுக்களில் “இங்கே வாங்கினேன், தரம் நன்றாக இருக்கிறது” என்று எழுதினால் நம்பிக்கை வரும் என்று ஒரு விளம்பர ஆலோசகர் சொல்கிறார். சரக்கு உண்மையிலேயே தரமானதுதான். செய்யலாமா?
*வாசகர், கோயம்புத்தூர்*

கூடாது. ஆலோசகரையும் மாற்றுங்கள்.

ஹோல் ஃபுட்ஸ் என்னும் அமெரிக்க மளிகை நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜான் மேக்கி, 1999 முதல் 2006 வரை யாஹூவின் பங்குச்சந்தை உரையாடல் பகுதியில் ‘ரஹோடெப்’ என்ற புனைபெயரில் எழுதிவந்தார். தம் நிறுவனத்தைப் புகழ்ந்தார். போட்டியாளரான ‘வைல்டு ஓட்ஸ்’ நிறுவனத்தை மட்டம்தட்டினார். பின்னர் அதே போட்டி நிறுவனத்தை விலைக்கு வாங்க முயன்றபோது, அரசின் வணிக ஆணையம் தொடுத்த வழக்கின் ஆவணங்களில் ரஹோடெப் யார் என்பது 2007 ஜூலையில் வெளியாயிற்று. மனைவியின் பெயரான டெபோரா என்பதன் எழுத்துகளை மாற்றி அடுக்கி அந்தப் புனைபெயரை வைத்திருந்தார். அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அவர் கடையில் விற்ற சரக்கும் தரமானதுதான் என்பதைக் கவனியுங்கள்.

நம் நாட்டில் சட்டமும் இதில் தலையிடுகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 கீழ் அமைந்த மத்திய ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு விதிகளின்படி, ஒரு பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் அதை விற்பவருக்கும் இடையே படிப்பவர் எதிர்பார்க்காத தொடர்பு இருந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதே 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் நெறிமுறை ஒன்றும் வந்தது. ஒரு சிறு செக்குக் கடைமேல் ஆணையம் நாளையே பாயும் என்று நான் அச்சுறுத்தவில்லை. அதற்கு முன்பே குழு உங்களைக் கண்டுபிடித்துவிடும்.

எப்படி என்று கேட்டால், நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் ஒருமுறை மூன்று பேர், மூன்று ஊர்க்காரர்களாகச் சொல்லிக்கொண்டவர்கள், ஒரே விற்பனையாளரைப் பாராட்டினார்கள். மூவரும் ‘எண்ணை’ என்றே எழுதினார்கள். அந்தப் பிழை எல்லாரும் செய்வதுதான். ஆனால் மூவருமே முற்றுப்புள்ளிக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். உறுப்பினர் ஒருவர், ஓய்வுபெற்ற அச்சகப் பிழைதிருத்துநர், அந்த மூன்று பாராட்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே படத்தில் வைத்து, வேறொன்றும் எழுதாமல் பதிந்துவிட்டார். அன்று மாலைக்குள் மூன்று கணக்குகளும் மறைந்துவிட்டன. அந்த விற்பனையாளரின் பெயரை யாராவது எடுத்தால் இன்றும் அந்தப் படம்தான் வந்து விழுகிறது.

“இது என் கடை. மரச்செக்கில் ஆட்டுகிறோம், எந்த ஊர் எள் என்று கேட்டால் சொல்கிறேன்” என்று சொந்தப் பெயரில் எழுதுங்கள். விற்பவர் என்று தெரிந்தபிறகும் மக்கள் கேள்வி கேட்பார்கள். மரச்செக்கு எண்ணெய் ஏன் அடியில் கசண்டு படிகிறது, வெயிலில் வைக்கலாமா, எத்தனை மாதம் தாங்கும் என்று கேட்பதற்கு அவர்களுக்கு ஆள் வேண்டும்.

ரூ. 3,000 கொடுத்தால் ஐந்நூறு தளங்களில் என் இணையதளத்தின் இணைப்பைப் போட்டுத் தருவதாகவும், அதனால் கூகுளில் முன்னுக்கு வரலாம் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். நம்பலாமா?
*வாசகர், நாகர்கோவில்*

பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறர் தளங்களின் மறுமொழிப் பெட்டிகளில் இணைப்பைத் திணித்துத் தேடலில் முன்னேறும் தந்திரத்தை ஒடுக்குவதற்காகவே 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் ஆகியவை சேர்ந்து ‘நோஃபாலோ’ என்ற குறியை ஏற்றுக்கொண்டன. அந்தக் குறி உள்ள இணைப்பைத் தேடுபொறி பரிந்துரையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது என்பது அப்போது செய்த ஏற்பாடு. 2019இல் பயனர்கள் எழுதியதற்கு ஒரு குறி, காசு கொடுத்துப் பெற்றதற்கு ஒரு குறி என்று கூகுள் மேலும் பிரித்தது. உரையாடல் தளங்களில் பெரும்பாலானவை உறுப்பினர் இடும் இணைப்புகளில் இத்தகைய குறியைத் தாமாகவே சேர்த்துவிடுகின்றன. ஆக, அந்த ஐந்நூறில் பெரும்பகுதி பூஜ்யம். மீதி, கூகுளின் விதிகளுக்கு மாறாக வாங்கப்பட்ட இணைப்பு. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு தளத்தின் நிர்வாகி உங்கள் முகவரியைத் தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டால், பிறகு உங்கள் கட்டுரையை மெய்யாகவே விரும்பிப் பகிர வரும் வாசகராலும் அங்கே அதைப் பகிர முடியாது.

யாழ்ப்பாணத்துச் சமையலைப் பற்றி ஓர் இணையதளம் செய்கிறேன். தமிழ் விக்கிப்பீடியாவில் கூழ் பற்றிய கட்டுரையின் கீழே என் தளத்தின் இணைப்பைச் சேர்த்தேன். ஒருநாள்கூட இருக்கவிடாமல் எடுத்துவிட்டார்கள். என்னுடைய செய்முறை அம்மம்மா சொல்லித் தந்தது, வேறெங்கும் இல்லாதது.
*வாசகி, யாழ்ப்பாணம்*

விக்கிப்பீடியாவில் தம் தளத்தின் இணைப்பைத் தாமே சேர்ப்பதை அங்குள்ள நெறிமுறை ஏற்பதில்லை. தகுதியுள்ளதென்று நினைத்தால் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், ‘இது என் தளம்’ என்று சொல்லிப் பரிந்துரைக்கலாம், முடிவை மற்றவர்களிடம் விட்டுவிடலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதையும் செய்யமாட்டேன். ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றும் கட்டத்தையும், நண்டும் மீனும் பயிற்றங்காயும் கொதித்துக்கொண்டிருக்கும் பானையையும், பலாவிலையைக் கோலிக் குடிப்பதையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற கட்டற்ற உரிமத்தோடு ஏற்றிவிடுவேன். பெயர் குறிப்பிட வேண்டும் என்ற உரிமத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் படம் செல்லும் இடமெல்லாம் எடுத்தவர் பெயரும் செல்ல வேண்டும். இணைப்பைக் கொண்டுபோய் வைத்தவருக்கு இல்லாத வரவேற்பு, கட்டுரைக்கு இல்லாத படத்தைக் கொண்டுவந்தவருக்கு எப்போதும் உண்டு. அம்மம்மாவின் செய்முறை உங்கள் தளத்திலேயே இருக்கட்டும். கூழின் படத்தைப் பார்த்து உங்கள் பெயரைத் தேடி வருபவர் அதை அங்கே படித்துக்கொள்வார்.

என் தையற்கலை இணையதளத்துக்காக வாட்ஸ்அப்பில் குழு தொடங்கி, கைப்பேசியில் இருந்த 180 பேரையும் சேர்த்தேன். ஒரு மணி நேரத்தில் அறுபது பேர் வெளியேறிவிட்டார்கள். உறவினர்களே இப்படிச் செய்யலாமா?
*வாசகி, வேளச்சேரி, சென்னை*

கேளாமல் சேர்த்தீர்கள், சொல்லாமல் போனார்கள், கணக்கு நேராகிவிட்டது. மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த வளைகாப்பில் சந்திக்க வேண்டியவர்கள். தம்மை யார் குழுவில் சேர்க்கலாம் என்று ஒவ்வொருவரும் தீர்மானித்துக்கொள்ளும் வசதியை வாட்ஸ்அப் 2019இல் கொண்டுவந்ததே இத்தகைய தொல்லையால்தான். எஞ்சியிருக்கும் நூற்றிருபது பேரில் பாதிப்பேர் மரியாதைக்காக இருப்பவர்கள். ஆகையால் அந்தக் குழுவைக் கலைத்துவிட்டு, “ரவிக்கை அளவெடுப்பது பற்றி வாரம் ஒரு குறிப்பு எழுதுகிறேன், வேண்டுபவர்கள் சொல்லுங்கள்” என்று உங்கள் ஸ்டேட்டஸில் வையுங்கள். பதினைந்து பேர் கேட்டால் அந்தப் பதினைந்து பேருக்கு அனுப்புங்கள். ‘பிராட்காஸ்ட்’ முறையில் அனுப்பினால், உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்துவைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்; எண்ணைப் பதிந்துகொள்ளச் சொல்வதுகூட ஒருவகையில் அனுமதி கேட்பதுதான்.

நான் மறுபக்கத்தில் இருப்பவன். ஐயாயிரம் உறுப்பினர்கள் உள்ள குழுவொன்றின் நிர்வாகி. நாள்தோறும் யாராவது தம் தளத்தின் இணைப்பைக் கொண்டுவந்து போடுகிறார்கள். எல்லா இணைப்புகளையும் தடைசெய்துவிடலாமா?
*வாசகர், சேலம்*

தடைசெய்தால் உங்கள் மாலை நேரம் மிச்சமாகும். ஆனால் நல்ல சரக்கும் வெளியிலேயே நின்றுவிடும். 2007 ஏப்ரலில் ஹேக்கர் நியூஸ் என்னும் தொழில்நுட்ப உரையாடல் தளத்தில் ஓர் இளைஞர், கோப்புகளைச் சேமித்துப் பகிரத் தாம் செய்த மென்பொருள் ஒன்றைத் தம்முடையது என்று சொல்லியே அறிமுகப்படுத்தினார். இதை நாமே எளிதாகச் செய்துகொள்ளலாமே என்று ஒருவர் அங்கே குறை சொன்னது பின்னால் புகழ்பெற்ற வேடிக்கையாகிவிட்டது, ஏனென்றால் அந்த மென்பொருள்தான் பின்னர் உலகெங்கும் பரவிய டிராப்பாக்ஸ். சொந்தப் படைப்பைக் காட்டுவதற்கென்று அந்தத் தளத்தில் தனிப் பெயரோடு ஒரு வழி உண்டு: பிறர் எடுத்துப் பயன்படுத்திப் பார்க்கக்கூடிய பொருளாக இருக்க வேண்டும், செய்தவர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அங்கே இருக்க வேண்டும், ஓட்டுப் போடும்படி நண்பர்களைத் திரட்டி வரக்கூடாது.

நீங்களும் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை இரவு நீங்களே ஒரு பதிவு இடுங்கள்: “உங்கள் சொந்தத் தளம், கடை, காணொளி எதுவானாலும் நாளை இரவுவரை இதன்கீழ் மட்டும் சொல்லலாம். ஒருவருக்கு ஓர் இணைப்பு. அது யாருக்குப் பயன்படும் என்பதை இரண்டு வரியில் எழுதுங்கள். உங்களுடையது என்பதைச் சொல்லுங்கள்.” சந்தைக்கென்று ஒரு நாளும் ஓர் இடமும் இருந்தால், மற்ற நாள்களில் தெருவில் கூவுபவரிடம் சந்தையைக் கை காட்டிவிடலாம். யாராவது ஐயம் கேட்டு, அதற்கு முழுப் பதிலும் எழுதி, கூடுதல் விவரத்துக்காகத் தம் தளத்தைக் காட்டுபவரை வாரநாளிலும் விட்டுவிடுங்கள். அவர் சந்தைக்காரர் அல்லர்.

நீக்கத்தான் வேண்டும் என்றால் நீக்குங்கள். ஆனால் நீக்கும்போது எந்த விதியால் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அதை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டால் ஒட்டி அனுப்ப அரை நிமிடம்கூட ஆகாது. நான் நிர்வாகியாக இருந்தபோது இதைச் செய்ததில்லை. வந்த வேகத்தில் அழித்துக்கொண்டே போனேன். முதல் கடிதம் எழுதிய திருச்சி ஆசிரியைக்கு முதல் குழுவில் அந்த ஒரு வரி கிடைத்திருந்தால், அவர் அதே பதிவை மூன்றாவது குழுவுக்குக் கொண்டுபோயிருக்கமாட்டார்.